ஒரே பெயரில் இரண்டு கருவிகள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கொக்குவில் வீடுகள் நிறைந்துவிடும். ரொறன்ரோவிலிருந்து மாமா குடும்பம் வரும், பாரிஸிலிருந்து சித்தி குடும்பம் வரும். பிள்ளைகளின் கையில் நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கும். இரண்டு ஸ்விட்ச் வந்திறங்கிய வீட்டில் ஒரு புதிர் எழக்கூடும். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே உருவம், ஒரே 6.2 அங்குலத் திரை. இரண்டிலும் ஓடுவது ‘செல்டா’ வரிசையின் ஒரே விளையாட்டு. ஆனால் முழுதாகச் சார்ஜ் பண்ணிக் கொடுத்தால் ஒன்று மூன்று மணித்தியாலத்தில் அணைந்துவிடும். மற்றது ஐந்தரை மணித்தியாலம் நிற்கும். முதலாவதின் பற்றறி பழசாகிவிட்டது என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பற்றறி தேய்வது உண்மைதான். ஆனால் இந்த மூன்றும் ஐந்தரையும் புத்தம் புதுக் கருவிகளுக்கு நின்டெண்டோவே அறிவித்த கணக்கு.

விடை கருவியின் கீழ்விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஒன்றில் எச்ஏசி-001 என்றும் மற்றதில் எச்ஏசி-001(-01) என்றும் அச்சிட்டிருக்கும். முதலாவது 2017 மார்ச்சில் கடைக்கு வந்தது. இரண்டாவது 2019 ஓகஸ்ட்டில் சத்தமில்லாமல் அதே இடத்தைப் பிடித்தது. பெட்டியின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றினார்கள், பெயரை மாற்றவில்லை.

கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வெளிவந்து இரண்டு வருடம் ஆனால் போதும், அடுத்தது என்ன என்ற ஊகம் தொடங்கிவிடும். ப்ரோ வருமா, லைட் வருமா, பெயருக்குப் பின்னால் 3 வருமா என்று பெடியன்கள் மணிக்கணக்கில் கதைப்பார்கள். அநேகமாக எல்லா ஊகமும் பெயரில் தொடங்கிப் பெயரிலேயே முடிகிறது. பற்றறியில் தொடங்கினால் இதைவிட நன்றாக ஊகிக்கலாம். பெயர் ஏன் மாறுகிறது, ஏன் மாறாமல் நிற்கிறது என்பதும் அந்த வழியில்தான் விளங்கும்.

இரண்டு கருவிகளுக்குள்ளும் இருப்பது ஒரே அளவுப் பற்றறி: 4310 மில்லியம்பியர் மணி, 3.7 வோல்ற்று. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 16 வாற்று மணி. பற்றறிக்குள் சேமித்திருக்கும் சக்தியின் அளவு அது. அந்தச் சக்தி செலவாகும் வேகத்தைத்தான் வாற்றில் அளக்கிறோம். பள்ளிக்கூடப் புத்தகம் அதை வலு என்கிறது. 16 ஐ மூன்றால் வகுத்தால், செல்டா ஓடும்போது பழைய கருவியின் சராசரிச் செலவு 5.3 வாற்று. ஐந்தரையால் வகுத்தால் புதியதன் செலவு 2.9 வாற்று. அதே படம், அதே வேகம், அதே சத்தம், செலவு மட்டும் கிட்டத்தட்டப் பாதி.

இந்த 2.9 என்ற எண் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஏதோ ஞாபகப்படுத்த வேண்டும். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றறியும் அடக்கம். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு மின் கொடுத்தார்கள். சைக்கிள் டைனமோ ஒன்றின் வழமையான தரம் 6 வோல்ற்று, 3 வாற்று. 2019 ஆம் ஆண்டு ஸ்விட்சை, இடையில் போகும் இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த டைனமோ மட்டுமட்டாக ஓட்டியிருக்கும். 2017 ஆம் ஆண்டு ஸ்விட்சுக்கு இரண்டு சைக்கிள்களும் சுற்றுவதற்கு இரண்டு ஆட்களும் வேண்டும்.

அந்தக் காலத்திலேயே உலகின் மறுபக்கத்தில் இதே கணக்கில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. 1989 இல் ஜப்பானில் வெளியான கேம் போய் நான்கு ஏஏ பற்றறிகளில் பதினைந்து மணித்தியாலம் வரை ஓடியது. திரையில் நிறம் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்க்ஸ், அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியர் இரண்டிலும் வண்ணத் திரை, பின்வெளிச்சம் எல்லாம் இருந்தன. ஆனால் ஆறு ஏஏ பற்றறிகளை நான்கைந்து மணித்தியாலத்தில் குடித்துவிட்டன. வென்றது கேம் போய். அதை வடிவமைத்த குன்பேய் யொகோய், புதிதாக வந்த தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு, நன்றாகப் பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்துவதையே தன் கொள்கையாக வைத்திருந்தவர். கையடக்கக் கருவியில் முதல் எல்லை பற்றறி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த எல்லை இன்றைக்கும் பெரிதாக நகரவில்லை. லிதியம் அயன் பற்றறி 1991 இல் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு அதே எடைக்குள் அடைக்கும் சக்தி ஆண்டுக்குச் சில சதவீதம் என்ற கணக்கில்தான் ஏறி வருகிறது. இரண்டு வருடத்தில் பற்றறி இரட்டிப்பாகும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆகவே 2019 இல் கிடைத்த லாபம் பற்றறியிலிருந்து வரவில்லை. அதன் பெரும்பங்கு சிப்பிலிருந்து வந்தது.

சிப் என்பது மிக நுண்ணிய சுவிட்சுகளின் கூட்டம். முதல் ஸ்விட்சுக்குள் இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்பில் ஏறத்தாழ 200 கோடி திரான்சிஸ்டர்கள். ஒவ்வொன்றும் ‘ஒன்று’ என்ற நிலைக்குப் போகும்போது அதன் வாயிலில் மின்னேற்றம் நிரம்ப வேண்டும். ‘பூச்சியம்’ என்றால் அது வடிந்து போக வேண்டும். இப்படி நிரம்பி வடிவதுதான் கணிப்பு. செலவும் அங்கேதான்.

வீட்டுக் கிணற்றடியில் குளிப்பதற்குக் கட்டிய தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்தில் இருக்கும் தண்ணீரை வாளியால் தூக்கி, தொட்டிச் சுவருக்கு மேலால் ஊற்றி நிரப்புகிறோம். நிரம்பியதும் அடைப்பைத் திறந்து விடுகிறோம். அவ்வளவும் வாழைக்குப் போகிறது. திரும்பவும் நிரப்புகிறோம். ஒரு நாள் முழுக்க இதே வேலை என்றால் கை எவ்வளவு நோகும்? மூன்று விடயங்களைப் பொறுத்தது. தொட்டியின் அடித்தளம் எவ்வளவு அகலம், சுவர் எவ்வளவு உயரம், ஒரு நாளில் எத்தனை முறை நிரப்புகிறோம். அகலத்தைப் பாதியாக்கினால் வேலை பாதி. தடவையைப் பாதியாக்கினாலும் பாதி. சுவரின் உயரத்தைப் பாதியாக்கினால் மட்டும் கதை வேறு: தண்ணீரும் பாதி போதும், அந்தத் தண்ணீரைத் தூக்கும் உயரமும் பாதி. வேலை கால்வாசியாகிவிடும்.

திரான்சிஸ்டருக்கும் இதே கணக்குத்தான். தொட்டியின் அகலம் அங்கே கொள்ளளவம், சுவரின் உயரம் வோல்ற்றளவு, செக்கனுக்கு எத்தனை முறை நிரம்பி வடிகிறது என்பது மீடிறன். மீடிறனைக் குறைத்தால் விளையாட்டு மந்தமாகிவிடும், அதில் கைவைக்க முடியாது. கொள்ளளவத்தைக் குறைக்கத் திரான்சிஸ்டரையும் கம்பிகளையும் சிறிதாக்க வேண்டும். வோல்ற்றளவைக் குறைத்தால் லாபம் இருமடங்காகக் கிடைக்கும் என்பதால், சிப் செய்பவர்கள் எல்லோருக்கும் கண் அதன் மேல்தான்.

ஐபிஎம் நிறுவனத்தின் றொபேட் டெனாட் 1974 இல் இதற்கு ஒரு விதி வகுத்தார். திரான்சிஸ்டரின் நீள அகலத்தைக் குறைக்கும் அதே விகிதத்தில் வோல்ற்றளவையும் குறைத்துக்கொண்டு போகலாம். அப்படிச் செய்தால் ஒரே பரப்பில் கூடுதல் திரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு ஏறாது. முப்பது வருடம் உலகம் இந்த விதியில் ஓடியது. 2005 அளவில் அது தடுக்கி விழுந்தது. வோல்ற்றளவு ஒரு வோல்ற்றுக்குக் கிட்ட வந்ததும் திரான்சிஸ்டர் ஒழுங்காக மூட மறுத்தது. அடைப்புப் போட்ட பிறகும் தொட்டி கசிந்துகொண்டே இருந்தால் சுவரைத் தணித்து என்ன பலன்? மின் ஓடும் பாதை குறுகக் குறுக, மேலே இருக்கும் வாயிலுக்கு அந்தப் பாதையின் மேல் பிடி தளர்ந்தது. சும்மா இருக்கும்போதும் மின் கசிந்தது.

முதல் ஸ்விட்சின் சிப் இந்தக் கசிவுக் காலத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. தாய்வானின் டிஎஸ்எம்சி ஆலையில் 20 நனோமீற்றர் என்று அழைக்கப்பட்ட முறையில், தட்டையான திரான்சிஸ்டர்களால் ஆனது. 2019 இல் வந்த சிப் 16 நனோமீற்றர். இருபது பதினாறானதால் மின்செலவு பாதியாயிற்று என்று பலர் எழுதினார்கள். அந்த விளக்கம் சரியில்லை. இந்த இரண்டு முறைகளிலும் கம்பிகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ ஒன்றேதான். மாறியது திரான்சிஸ்டரின் உருவம். தட்டையாகக் கிடந்த மின்பாதையை மீன் செட்டை போல நிமிர்த்தி, வாயிலை அதன் மூன்று பக்கமும் சுற்றிக் கொண்டுவந்தார்கள். செட்டைத் திரான்சிஸ்டர் என்று சொல்லலாம். ஹிட்டாச்சியில் 1989 இல் இந்த எண்ணம் முளைத்தது. பேர்க்லி பல்கலைக்கழகத்தில் செங்மிங் ஹூவின் குழு 1990களின் முடிவில் அதை வளர்த்தது. இன்டெல் 2012 இல் கடைக்குக் கொண்டுவந்தது. மூன்று பக்கமும் பிடித்தால் கசிவு அடங்கும். கசிவு அடங்கினால் வோல்ற்றளவைத் தணிக்கலாம். அங்கிருந்துதான் லாபம் இருமடங்காக வந்தது.

நினைவகத்திலும் இதே வேலை நடந்தது. எல்பிடிடிஆர்4 என்ற வகைக்குப் பதிலாக எல்பிடிடிஆர்4எக்ஸ் வந்தது. செய்தி வெளியே போய்வரும் கால்களுக்கான வோல்ற்றளவு 1.1 இலிருந்து 0.6 ஆக இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 20, 16, 8 என்ற நனோமீற்றர் எண்களும் பெயர்கள்தான். ஒரு காலத்தில் அவை சிப்பில் உண்மையாக அளக்கக்கூடிய ஒரு நீளத்தைக் குறித்தன. இப்போது சிப்பின் எந்தப் பகுதியை அளந்தாலும் அந்த எண் கிடைக்காது. ஓர் ஆலையின் 8 இன்னோர் ஆலையின் 10 ஐப் போன்றிருக்கலாம். பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதவர்கள்கூட இந்த எண்களை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மாற்றத்தில் நின்டெண்டோ பொதுவில் அறிவித்தது மணித்தியாலக் கணக்கை மட்டுமே. மற்றதெல்லாம் வேறு வேறு வழிகளால் வந்தவை. ஒவ்வொரு வழியின் நம்பகமும் வேறு.

நம்பகம் கூடியது அரசாங்கப் பதிவு. அமெரிக்காவில் வானலை வெளியிடும் கருவி எதற்கும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற கருவியின் உள்ளுறுப்பை மாற்றினால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். 2019 ஜூலையில் நின்டெண்டோ கொடுத்த கடிதத்தில் சிப்பின் வகை, சேமிப்பு நினைவகத்தின் வகை, அவை இருக்கும் பலகை மாறுகின்றன என்று இருந்தது. கடிதம் பொதுப் பார்வைக்கு வந்து சில நாட்களில் புதிய பற்றறிக் கணக்கு வெளியானது.

இரண்டாவது வழி மென்பொருள். அந்தக் கடிதத்துக்கு ஒரு வருடத்துக்கு முன்பே, 2018 மார்ச்சில் வந்த 5.0 என்ற மென்பொருள் இற்றைப்படுத்தலைப் பிரித்து வாசித்தவர்கள் அதற்குள் ‘மரிக்கோ’ என்ற குறிப்பெயரில் ஒரு புதிய சிப்பைக் கண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பு சரியாக இருந்தது. ஆனால் அதே மென்பொருளில் 8 ஜிகாபைட் நினைவகத்துக்கான இடமும் இருந்தது, அதைப் பார்த்து வலுக் கூடிய ஸ்விட்ச் வருகிறது என்றார்கள். கடைக்கு வந்ததோ பழையபடி 4 ஜிகாபைட்டுடன். மென்பொருளில் இருக்கும் குறிப்பு என்னென்ன செய்து பார்க்கிறார்கள் என்று சொல்லும். எது விற்பனைக்கு வரும் என்று சொல்லாது. ஊகக்காரர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்.

மூன்றாவது வழி கருவியை வாங்கி உடைப்பது. சிப்பின் மேலுறையை அமிலத்தால் கரைத்து, நுண்ணோக்கியின் கீழ் படம் எடுத்து, எந்தப் பகுதி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். ஆலையின் கைவண்ணம் அதில் தெரிந்துவிடும். இப்படிச் செய்பவர்களில் சம்பளத்துக்கு வேலை செய்வோரும் உண்டு, வெறும் ஆர்வத்தில் செய்வோரும் உண்டு.

நான்காவது கொஞ்சம் கள்ள வழி. கருவியின் பூட்டை உடைத்த ஆர்வலர்கள் 2019 ஆம் ஆண்டுச் சிப்பின் மீடிறனைத் தாங்களே கூட்டிப் பார்த்தார்கள். அது நின்டெண்டோ வைத்திருந்த அளவைவிட நன்றாக மேலே போனது. பூட்டைப் பற்றிச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும்: 2018 ஏப்ரலில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் முதல் சிப்பின் தொடக்க நினைவகத்தில் ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். அந்த நினைவகம் ஆலையிலேயே பொறிக்கப்பட்டது. வீட்டுக்கு அனுப்பும் இற்றைப்படுத்தலால் அதை அடைக்க முடியாது. சிப்பையே மாற்றுவதற்குப் பற்றறி மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, புதிய சிப் கூடுதல் வேகம் ஓடக்கூடியது என்றால் ஏன் ஓடவிடவில்லை? பெயரின் இரகசியம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கணினிக்கு விளையாட்டு எழுதுபவர் எந்தக் கணினியில் அது ஓடப்போகிறது என்று அறியமாட்டார். கையடக்கக் கருவிக்கு எழுதுபவருக்கு அது தெரியும். இத்தனை மீடிறன், இத்தனை நினைவகம், இந்த வகை வரைகலைச் சிப் என்று உறுதியாகத் தெரியும். அந்த உறுதியை நம்பித்தான் கடைசிச் சொட்டு வரை பிழிந்து எழுதுகிறார். ஸ்விட்ச் விளையாட்டுகளில் வரைகலைக் கட்டளைகள் அந்தக் குறிப்பிட்ட சிப்பின் மொழிக்கே முன்கூட்டி மாற்றப்பட்டு விளையாட்டு அட்டைக்குள் போய்விடுகின்றன. ஆகவே ‘ஸ்விட்ச்’ என்ற பெயர் கருவியைவிட மென்பொருளுக்குக் கொடுத்த வாக்கு. இந்தப் பெயர் எழுதிய விளையாட்டு இந்தப் பெயர் எழுதிய கருவி எல்லாவற்றிலும் ஓடும், ஒரே மாதிரி ஓடும். வேகத்தைக் கூட்டிவிட்டால் புதியவற்றை மட்டும் நினைத்து எழுதுவார்கள். பழையதை வைத்திருப்பவன் ஏமாறுவான். அதனால் 2019 இல் கிடைத்த லாபம் முழுவதையும் பற்றறிக்கே கொடுத்தார்கள்.

இந்தக் கண்ணால் பழைய பெயர்களைப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். 1996 இல் கேம் போய் பொக்கெட் வந்தது: சின்ன உடல், சின்னப் பற்றறி, விளையாட்டுகள் அதேதான். பெயரில் ஒரு வால் மட்டும். 1998 இல் கேம் போய் கலர் வந்தபோது செயலியின் மீடிறன் 4.19 இலிருந்து 8.39 மெகாஹேர்ட்சுக்கு இரட்டிப்பாகக்கூடியதாக இருந்தது. வாக்குச் சிக்கலாகிவிட்டது. அதை நிறத்தால் தீர்த்தார்கள்: பழைய சாம்பல் அட்டைகள் இரண்டிலும் ஓடும், புதிய கறுப்பு அட்டைகளும் இரண்டிலும் ஓடும், ஊடுதெரியும் அட்டைகள் கலரில் மட்டுமே ஓடும். கேம் போய் அட்வான்ஸ் எஸ்பி 2005 இல் முன்வெளிச்சத் திரையை விட்டு, மிகப் பிரகாசமான பின்வெளிச்சத் திரைக்கு மாறியது. கண்ணுக்கு அது பெரிய மாற்றம். விளையாட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பெயர் அப்படியே நின்றது. அடியில் உள்ள ஏஜிஎஸ்-001 என்ற எண் ஏஜிஎஸ்-101 ஆனது, அவ்வளவுதான். இன்றைக்கும் பழசு சேர்ப்பவர்கள் பெயரைக் கேட்பதில்லை, எண்ணைத்தான் கேட்கிறார்கள்.

சோனியின் பிஎஸ்பியும் அப்படி. 2007 இல் வந்த பிஎஸ்பி-2000 இல் நினைவகம் 32 இலிருந்து 64 மெகாபைட்டாகியது. கூடிய பகுதியை வட்டிலிருந்து வாசிப்பதை விரைவாக்கப் பயன்படுத்தினார்கள். விளையாட்டு எழுதுபவருக்குப் புது வாக்குக் கொடுக்கவில்லை.

வாக்கைக் குழப்பியதற்கும் உதாரணம் உண்டு. 2014 இல் வந்த ‘நியூ நின்டெண்டோ 3டிஎஸ்’ இல் செயலி 268 இலிருந்து 804 மெகாஹேர்ட்சுக்குப் போனது, நினைவகம் இரட்டித்தது, அதில் மட்டும் ஓடும் விளையாட்டுகள் சிலவும் வந்தன. பெயரோ ‘புதிய’ 3டிஎஸ். புதிதாக வாங்கிய பழைய 3டிஎஸ் வைத்திருப்பவருக்கு இதை எப்படி விளக்குவது? கடைக்காரரே தடுமாறுகிற பெயர் கெட்ட பெயர் என்பது என் எண்ணம். மறுபக்கம், 2012 இல் வந்த வீ யூ முழுக்கப் புதிய இயந்திரம். புது வாக்கு, ஆனால் பழைய வீயின் துணைப் பொருள் போல ஒரு பெயர். வீ பத்துக் கோடிக்கு மேல் விற்றது. வீ யூ ஒன்றரைக் கோடியை எட்டவில்லை. பெயர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

2021 ஆம் ஆண்டு ஊகம் இதற்கு நல்ல பரீட்சை. அந்த வருட முற்பகுதியில் ப்ளூம்பேர்க் செய்தி நிறுவனம், ஏழு அங்குல ஓஎல்ஈடி திரையோடு ஒரு ஸ்விட்ச் வருகிறது, தொலைக்காட்சியில் 4கே படம் தரும் என்று எழுதியது. உலகமே அதற்கு ‘ஸ்விட்ச் ப்ரோ’ என்று பெயர் வைத்துவிட்டது. ஜூலையில் வந்த அறிவிப்பில் ஏழு அங்குல ஓஎல்ஈடி திரை இருந்தது, 4கே இல்லை, ப்ரோவும் இல்லை. சிப் 2019 ஆம் ஆண்டுச் சிப்தான். பற்றறி நேரமும் அதே 4.5 முதல் 9 மணித்தியாலம். திரை மாறினால் வாக்கு மாறாது. 4கேக்கு வேறு சிப் வேண்டும், வேறு சிப் என்றால் வேறு வாக்கு. இதைத் தெரிந்திருந்தால் அந்தச் செய்தியில் எந்தப் பாதியை நம்புவது என்று முன்பே சொல்லியிருக்கலாம்.

வால்வ் நிறுவனம் 2023 நவம்பரில் ஸ்டீம் டெக் என்ற தன் கையடக்கக் கருவியைத் திருத்தியபோது அதற்கு ‘2’ போடாததும் இதே நியாயம்தான். சிப் 7 இலிருந்து 6 நனோமீற்றருக்குப் போனது. பற்றறி 40 இலிருந்து 50 வாற்று மணியாயிற்று. நேரம் 2 முதல் 8 என்பதிலிருந்து 3 முதல் 12 மணித்தியாலமாயிற்று. வகுத்துப் பாருங்கள்: பாரமான விளையாட்டில் 20 வாற்று 16.7 ஆகிறது, இலகுவானதில் 5 வாற்று 4.2 ஆகிறது. இரண்டு முனையிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மிச்சம். நேரம் ஒன்றரை மடங்கானதில் பாதிக்கு மேல் பெரிய பற்றறியின் உபயம்.

இப்போது கையில் இருக்கும் கேள்விக்கு வருவோம். ஸ்விட்ச் 2 கடைக்கு வந்தது 2025 ஜூன் 5. இதன் வரைகலைச் சிப் வேறு தலைமுறை; பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளின் கட்டளைகளை ஓடும்போதே மொழிமாற்றித்தான் நடத்துகிறது. வாக்கு புதிது, ஆகவே எண் வந்தது, ஒழுங்கான பெயர். பற்றறி 5220 மில்லியம்பியர் மணி, கிட்டத்தட்ட 20 வாற்று மணி. நேரம் 2 முதல் 6.5 மணித்தியாலம். பாரமான விளையாட்டில் 10 வாற்று போகிறது என்று அர்த்தம். முதல் ஸ்விட்சின் உச்சச் செலவைவிடவும் கூட. ஆகவே திருத்திய மாடல் ஒன்றுக்குத் தேவை இருக்கிறது.

2019 இல் நடந்தது திரும்பவும் நடக்குமா? பாதியாகச் செலவு குறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஸ்விட்ச் 2 சிப்பைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் அது சாம்சங்கின் 8 நனோமீற்றர் குடும்பம் என்கிறார்கள். அது ஏற்கெனவே செட்டைத் திரான்சிஸ்டரால் ஆனது. தட்டையிலிருந்து செட்டைக்குத் தாவியது ஒரே ஒருமுறை கிடைக்கும் லாபம்; அதைச் செலவழித்தாயிற்று. இனி இன்னும் சிறிய முறைக்குப் போனால் கொள்ளளவமும் வோல்ற்றளவும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். அதோடு, ஸ்டீம் டெக்குக்கு வாய்த்த 7 இலிருந்து 6 என்ற வழி ஒரே ஆலைக்குள், ஒரே வரைவு விதிகளுக்குள் இருந்த சிறு படி. சாம்சங்கின் 8 இலிருந்து இன்று முன்னணியில் இருக்கும் முறைகளுக்குப் போவதென்றால் சிப்பின் வரைபடத்தைத் திரும்பவும் வரைய வேண்டும். அதற்கு வரும் செலவைப் பல இலட்சம் கருவிகளில் பிரித்தால்தான் கட்டுபடியாகும். விற்பனை நன்றாகப் போகும் கருவிக்கு அது நடக்கலாம், ஆனால் உடனே நடக்க வேண்டிய அவசியமில்லை.

சிப்பைவிட உறுதியான ஒரு காரணம் ஐரோப்பாவிலிருந்து வருகிறது. 2023 இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் பற்றறிச் சட்டம், 2027 பெப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கருவிகளின் பற்றறியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. சில விலக்குகள் உண்டு. ஸ்விட்ச் 2 இன் பற்றறியைப் பலமான பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கருவிகளைப் பிரித்துப் புள்ளியிடும் ஐஃபிக்ஸ்இட் அதற்குப் பத்தில் மூன்றுதான் கொடுத்தது. பசைக்குப் பதிலாகத் திருகாணியும் இழுத்தால் வரும் பட்டியும் வந்தாலே அது திருத்திய மாடல்தான். பாரிஸ் சித்தி கொண்டுவரும் கருவியைக் காங்கேசன்துறை வீதியில் போன் திருத்துகிற ஒரு கடையில் பத்து நிமிடத்தில் பற்றறி மாற்றிக் கொடுக்கலாம் என்றால், எனக்கு அது இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடுதலாக ஓடுவதைவிடப் பெரிய முன்னேற்றம்.

ஆகவே என் ஊகம் இது. அடுத்து வருவதற்கு ‘3’ இருக்காது. பற்றறி அல்லது சிப் மட்டும் மாறினால் பெயரில் ஒன்றும் சேராது. பீஈஈ-001 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன அடைப்புக்குறி வரும், அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். திரை ஓஎல்ஈடியானால் அது பெயரில் சேரும், ஏனென்றால் கடையில் வைத்துக் கண்ணால் காட்டி விற்கக்கூடியது அது. கட்டுப்படுத்திகள் கழலாத சின்ன உடல் வந்தால் லைட். இந்த ஊகம் பிழையாவதற்கு ஒரே வழி, திருத்திய கருவியில் மட்டும் ஓடுகிற விளையாட்டு ஒன்றை நின்டெண்டோவே வெளியிடுவது. 2014 இல் அதைச் செய்தார்கள், அதனால் முடியவே முடியாது என்று சொல்வதற்கில்லை. விளையாட்டுப் பெட்டியின் மூலையில் எந்தக் கருவியின் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.